கதை நடந்து போன பாதை

தலைப்பு: பழைய ஊர்களைத் தேடி நம்மை அழைத்துப் போவது கல்லா? கதையா?
இடம்: குத்தாலம்
‘கதையே’ என்ற அணியில் மூன்றாவதாகப் பேசியவர்: ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை ஒருவர்

நடுவர் அவர்களே! எதிரணியில் கல்லைப் போலவே அசையாமல் உட்கார்ந்திருக்கிற அன்பு அண்ணன்களே! (சிரிப்பு) குத்தாலத்துப் பெரியவர்களே, தாய்மார்களே, முன்வரிசையில் தரையில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருக்கிற குழந்தைகளே!

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். நான் குத்தாலத்துக்காரி. வெளியூரில் போய் இதைச் சொன்னால் உடனே, “அப்படியா, அருவியில தண்ணி விழுதா?” என்று கேட்கிறார்கள். (சிரிப்பு) ஐயா, அது தென்காசிப் பக்கம் இருக்கிற குற்றாலம். இது காவிரிக் கரையில் இருக்கிற குத்தாலம். எங்க ஊரில் தண்ணி மேலேயிருந்து விழாது. மேட்டூரில் திறந்துவிட்டால் மெதுவா நடந்து வரும். (கைதட்டல்)

எனக்கு முன்னால் பேசிய அண்ணன் ரொம்ப அழகாகச் சொன்னார். “கல் பொய் சொல்லாது, கல்வெட்டு பொய் சொல்லாது. கதைதான் பொய் சொல்லும்” என்றார். நானும் கைதட்டினேன். முப்பது வருஷம் வரலாறு பாடம் எடுத்தவள் நான், கல்வெட்டை எதிர்த்துப் பேசுவேனா? ஆனால் அண்ணன்கிட்ட ஒன்று கேட்கிறேன். அந்தக் கல்லைப் பார்க்க உங்களைக் கிளப்பிவிட்டது யாரு? வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தவரை, செருப்பு மாட்டிக்கொண்டு வெயிலில் நடக்க வைத்தது எது?

என் அனுபவத்தையே சொல்கிறேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, பிள்ளைகள் காசு போட்டு என்னை ஒரு சுற்றுலாக் கூட்டத்தோடு கிரேக்க நாட்டுக்கு அனுப்பினார்கள். நாற்பது பேர் ஒரு பஸ்ஸில். டெல்ஃபி என்று ஒரு ஊர். மலைச்சரிவில் இருக்கிறது. தூணும் படிக்கட்டும் உடைந்து கிடக்கின்றன. கதை தெரியாமல் பார்த்தால் ஒன்றுமில்லை, வெறும் கல்லுதான். எங்களுக்கு வழிகாட்டியாக வந்தது நடுத்தர வயசு அம்மா ஒருத்தர். அங்கே அருங்காட்சியகத்தில் முட்டை வடிவத்தில் ஒரு கல் இருக்கிறது. அதன் பக்கத்தில் எங்களை நிறுத்திக் கதை சொன்னார். உலகத்துக்கு நடு எது என்று கண்டுபிடிக்க, ஜியூஸ் என்கிற அவர்களுடைய தேவராஜன் இரண்டு கழுகுகளைக் கிழக்குக் கோடியிலிருந்து ஒன்று, மேற்குக் கோடியிலிருந்து ஒன்று என்று பறக்கவிட்டானாம். இரண்டும் சந்தித்த இடம் டெல்ஃபி. அதனால் அதுதான் பூமியின் தொப்புள். அதன் அடையாளம் இந்தக் கல்.

கதையைக் கேட்ட அடுத்த நிமிஷம், கால் வலிக்குது என்று பஸ்ஸிலேயே இருக்கப் பார்த்த எங்க கூட்டத்துப் பாட்டி ஒருத்தர், அந்தக் கல்லை மூன்று சுற்றுச் சுற்றி வந்தார். (சிரிப்பு) நம்ம ஊர்ப் பழக்கம், விடுமா?

அப்புறம் அந்த அம்மா என்னிடம் திரும்பி, “உங்கள் ஊருக்கு என்ன கதை?” என்று கேட்டார். நடுவர் அவர்களே, எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. “ஒரு பெரிய கோயில் இருக்கு, பழைய கோயில்” என்றேன். அதற்கு மேல் சொல்ல வரவில்லை. அலெக்சாண்டர் போன பாதையை வரைபடத்தில் கோடு போட்டுக் காட்டின டீச்சருக்கு, தன் வீட்டு வாசலில் ஓடுகிற பாதை தெரியவில்லை. அந்த வெட்கத்தோடுதான் ஊர் திரும்பினேன்.

வந்ததும் என் பேத்தியைக் கூட்டிக்கொண்டு, ஒரு வாடகை வேனில், ஒரே நாளில் ஏழு ஊர் போனேன். எந்த வரிசையில் போனேன்? கதை சொன்ன வரிசையில்.

கைலாயத்தில் ஈசனும் பெருமாளும் சொக்கட்டான் ஆடுகிறார்கள். அம்பாள் நடுவர். நம்ம நடுவர் மாதிரி நியாயமாகத் தீர்ப்புச் சொல்லாமல், அம்பாள் தன் அண்ணன் பக்கம் பேசிவிட்டாளாம். (சிரிப்பு, கைதட்டல்) வந்தது கோபம். “பசுவாகப் போ” என்று சாபம். அந்தச் சொக்கட்டானை நினைவுபடுத்துகிற ஊர் தேரழுந்தூர். இங்கிருந்து கூப்பிடு தூரம். கம்பர் பிறந்த ஊரும் அதுதான். கரிகாலனுடைய தாய் வழியில் சொல்லப்படுகிற அழுந்தூர் வேள் என்கிற பெயரும் இந்த ஊரோடு சேர்ந்ததுதான். பசுவாகப் போன அம்பாளின் குளம்பு இடறின இடம் திருக்கோழம்பம். பசுவாகவே பூசை செய்த இடம் திருவாவடுதுறை. ஊர்ப் பெயரிலேயே ‘ஆ’ என்று பசு நிற்கிறது பாருங்கள். அதற்கப்புறம் அம்பாள் பரத முனிவருக்கு மகளாக வந்து சேர்ந்த இடம், நம்ம குத்தாலம். ஈசன் வந்து பெண் கேட்கிறார். பெண்ணு என்ன சொல்லுச்சு தெரியுமா? “எங்க அப்பா அம்மாகிட்ட முறைப்படி வந்து கேளுங்க.” (பலத்த கைதட்டல்) அவரும் சரி என்றார். சொன்ன சொல்படியே வந்து கல்யாணம் செய்தார். அதனால்தான் இங்கே சுவாமிக்குச் சொன்னவாறறிவார் என்று பேர், வடமொழியில் உக்தவேதீஸ்வரர். மாப்பிள்ளையை எதிர்கொண்டு அழைத்த இடம் எதிர்கொள்பாடி. கல்யாண வேள்வி நடந்த இடம் வேள்விக்குடி. தாலி கட்டின இடம் திருமணஞ்சேரி.

இப்போது திருமணஞ்சேரிக்கு எவ்வளவு கூட்டம் போகிறது! கல்யாணம் ஆகாதவர்கள் மாலையோடு போகிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் வருகிற கார் எல்லாம் நேரே திருமணஞ்சேரிக்குப் போய்விட்டு நேரே திரும்பிவிடுகிறது. ஏம்மா, பெண் பார்க்காமல், நிச்சயம் பண்ணாமல், மாப்பிள்ளை அழைக்காமல் நேரே தாலிக்குப் போனால் எப்படி? (சிரிப்பு) ஏழு ஊரும் ஒரே கதை. ஆறு அத்தியாயத்தை விட்டுவிட்டுக் கடைசிப் பக்கத்தை மட்டும் படிக்கிறோம்.

கிரேக்கத்திலும் இதே மாதிரி ஒரு பசு இருக்கிறாள். பெயர் அயோ. ஜியூஸ் ஆசைப்பட்ட பெண். அவன் மனைவி ஹீராவின் கோபத்துக்குப் பயந்து பசுவாக மாற்றப்பட்டவள். ஹீரா ஒரு மாட்டு ஈயை ஏவிவிட, அது கடிக்கக் கடிக்க அந்தப் பசு நாடு நாடாக ஓடுகிறது. ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் நடுவில் இஸ்தான்புல் நகரத்தில் ஒரு ஜலசந்தி, பாஸ்பரஸ் என்று பூகோளத்தில் படித்திருப்பீர்கள். அந்தப் பெயருக்கு ‘மாடு கடந்த துறை’ என்று பொருள். இங்கே குளம்பு பட்ட இடம் கோழம்பம். அங்கே குளம்பு பட்ட இடம் பாஸ்பரஸ். இவர்களைப் பார்த்து அவர்கள் எழுதினார்கள், அவர்களைப் பார்த்து இவர்கள் எழுதினார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. மாடு மேய்க்கிற ஜனங்கள் எங்கே இருந்தாலும் ஊரை மாட்டின் காலடியால் அளக்கிறார்கள், அவ்வளவுதான்.

நம்ம கோயில் வாசலில் உத்தால மரம் நிற்கிறதல்லவா? அதன் அடியில் பாதுகை இருக்கிறது. கல்யாணத்துக்கு வந்த சுவாமி, தனக்கு நிழலாக வந்த மரத்தையும் காலில் போட்டிருந்த பாதுகையையும் இங்கேயே விட்டுப் போனார் என்று கதை. இந்த உத்தாலம்தான் குத்தாலம் ஆச்சு. இதைச் சின்ன வயசிலிருந்து நாம் பார்க்கிறோம், தாண்டிப் போகிறோம். ஏதென்ஸ் நகரத்தில் அக்ரோபோலிஸ் குன்றின் மேல் ஒரு ஆலிவ் மரம் நிற்கிறது. அந்த ஊர் யாருக்கு என்று அதீனா தேவிக்கும் கடல் தெய்வம் பொசைடனுக்கும் போட்டி. பொசைடன் திரிசூலத்தால் பாறையைக் குத்தி உப்புத் தண்ணீர் வரவழைத்தான். அதீனா ஒரு ஆலிவ் மரத்தை முளைக்க வைத்தாள். ஜனங்கள் புத்திசாலிகள், உப்புத் தண்ணீரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மரத்தைக் கொடுத்தவளுக்கே ஊர் என்றார்கள். கி.மு. 480இல் பாரசீகப் படை வந்து அந்தக் குன்றைக் கொளுத்தியது. மரமும் எரிந்தது. மறுநாளே அதில் ஒரு முழத்துக்குத் துளிர் விட்டிருந்தது என்று எரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். இப்போது அங்கே நிற்பது பிற்காலத்தில் நட்ட மரம். அது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் வரிசையில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

எதிரணி அண்ணன் சிரிக்கிறார். “கதையைப் பார்க்கப் போனாலும் கடைசியில் பார்ப்பது கல்லைத்தானே அம்மா” என்கிறார். சரி, கல்லுக்கே வருகிறேன்.

நம்ம குத்தாலத்துக்குப் பழைய பெயர் திருத்துருத்தி. துருத்தி என்றால் ஆற்றுக்கு நடுவில் இருக்கிற திட்டு. ஒரு காலத்தில் காவிரி இந்த ஊரைச் சுற்றி ஓடியது என்பதை அந்த ஒரு சொல் பத்திரமாக வைத்திருக்கிறது. அப்பரும் சம்பந்தரும் பாடிய தலம். சம்பந்தர் ஒரு பதிகத்தில் துருத்தியையும் வேள்விக்குடியையும் சேர்த்தே பாடுகிறார். பகலெல்லாம் சுவாமிக்குத் துருத்தி, ராத்திரி வேள்விக்குடி என்கிறார். இது 7ஆம் நூற்றாண்டு. சுந்தரர் தன் உடம்பு நோய் தீர இங்கே குளத்தில் மூழ்கினார் என்பதும் பழைய வரலாறு. சரி, கற்கோயில் எப்போது வந்தது? கண்டராதித்த சோழரின் மனைவி, செம்பியன் மாதேவி என்கிற அந்தப் புண்ணியவதி, 10ஆம் நூற்றாண்டில் காவிரிக் கரையில் செங்கல் கோயில்களை ஒவ்வொன்றாகக் கற்றளியாக மாற்றினார். கோனேரிராஜபுரம், ஆடுதுறை, நம்ம குத்தாலம் எல்லாம் அந்த வரிசையில் வரும். அப்படியென்றால் கணக்குப் போடுங்கள். பாட்டு 7ஆம் நூற்றாண்டு, கல் 10ஆம் நூற்றாண்டு. முந்நூறு வருஷம் பாட்டு தனியாக இந்த ஊரைக் காப்பாற்றிக்கொண்டு வந்தது. அதற்கப்புறம்தான் கல் வந்து கைகொடுத்தது. அண்ணே, கதை அக்கா, கல்லு தங்கச்சி! (பலத்த கைதட்டல்)

நேர்மையாக ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இன்றைக்கு நாம் சொல்கிற கல்யாணக் கதை முழுசும் தேவாரத்தில் இருக்கிறது என்று நான் சாதிக்க மாட்டேன். தலபுராணங்கள் பிற்பாடு எழுதப்பட்டவை. கதை வளரும். வளராவிட்டால் அது கதை இல்லை.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். இங்கிருந்து சுமார் 35 கிலோமீட்டர் கிழக்கே போனால் பூம்புகார். கிரேக்கத்துக்கு நான் விமானத்தில் போனேன். ஆனால் இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் கிரேக்க மொழி பேசியவர்கள் இங்கேயே வந்து குடியிருந்தார்கள். நம்ம பழைய நூல்கள் அவர்களை யவனர் என்கின்றன. மருவூர்ப்பாக்கத்தில் அவர்களுக்குத் தனிக் குடியிருப்பு இருந்ததைச் சிலப்பதிகாரம் சொல்கிறது. அவர்கள் பக்கத்து சாட்சி வேண்டுமா? அலெக்சாந்திரியாவில் இருந்த டாலமி, 2ஆம் நூற்றாண்டில் எழுதின பூகோள நூலில் ‘கபேரிஸ்’ என்று ஒரு துறைமுகத்தைக் குறித்திருக்கிறார். நம்ம காவிரிதான் அது! வியன்னா நகரத்தில் ஒரு பாப்பிரஸ் தாள் இருக்கிறது. முசிறியிலிருந்து சரக்கு ஏற்றிப் போன ஹெர்மபொல்லோன் என்கிற கப்பலைப் பற்றிய ஒப்பந்தம், முழுக்கக் கிரேக்க மொழியில். ஹெர்மெஸ், அப்பொல்லோ என்று அவர்களுடைய இரண்டு சாமி பெயரையும் சேர்த்துக் கப்பலுக்கு வைத்திருக்கிறான். நாம் லாரிக்கு வைக்கிற மாதிரிதான்! (சிரிப்பு)

பூம்புகாரில் 1962 முதல் மத்தியத் தொல்லியல் துறை தோண்டியது. ஏன் அங்கே தோண்டினார்கள்? பட்டினப்பாலை பாடியதால், சிலப்பதிகாரம் சொன்னதால். ஷ்லீமன் என்கிற ஜெர்மன் வியாபாரி, ஹோமர் எழுதின கதையை நம்பி 1871இல் துருக்கியில் டிராய் நகரத்தைத் தோண்டினானே, அது மாதிரி. ஆனால் அவன் அவசரக்காரன். மேலே இருந்த அடுக்குகளைத் தாண்டி ஆழமாக வெட்டிக்கொண்டே போனான். பொன் நகை கிடைத்ததும் ‘ட்ரோஜன் ராஜாவின் புதையல்’ என்று உலகத்துக்கு அறிவித்தான். அது அந்த ராஜா காலத்துக்கு ஆயிரம் வருஷத்துக்கும் முந்தினது என்று பின்னால் தெரிந்தது. இதை எதிரணிக்குச் சாதகமாக நானே சொல்லிவிடுகிறேன். கதையை வாங்கிக்கொண்டு போனவன் கல்லை ஒழுங்காகப் படிக்கவில்லை, அது தப்புத்தான்.

பூம்புகார் பக்கத்தில் கீழையூரில் என்ன கிடைத்தது தெரியுமா? செங்கல்லால் கட்டின படகுத்துறை. படகு கட்டுவதற்கு நட்ட மரத்தூண்களோடு கிடைத்தது. கரிமக் கணிப்பில் கி.மு. 3ஆம் நூற்றாண்டு வாக்கில் வருகிறது. பல்லவனேஸ்வரத்தில் புத்த விகாரையும் கல்லில் செதுக்கின புத்தர் பாதமும் கிடைத்தன. வானகிரியில் நீர்த்தேக்கம் கிடைத்தது. கதை பொய் சொல்லவில்லை அண்ணே. சாட்சி கொஞ்சம் தாமதமாக வந்தது, அவ்வளவுதான்.

ஊரைக் கடல் கொண்டது என்று மணிமேகலை சொல்கிறது. காணாமல் போன தன் குழந்தையைத் தேடித் திரிந்த சோழன் இந்திர விழாவை எடுக்க மறந்தான். அதனால் தெய்வம் கோபித்தது, கடல் உள்ளே வந்தது என்பது கதை. நான் கடற்கரைப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் பல வருஷம் வேலை பார்த்தேன். இந்தப் பகுதியைச் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகள் சிரிப்பார்கள். “திருவிழா நடத்தலைன்னா கடல் வருமா டீச்சர்?” என்பார்கள். நானும் சிரித்துவிட்டு, “அந்தக் காலத்து நம்பிக்கைடா” என்று தாண்டிவிடுவேன். 2004 டிசம்பர் 26 வந்தது. அப்போதைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டவர்கள் போய்விட்டார்கள். பொங்கலுக்குப் பிறகு பள்ளிக்கூடம் சரியாக நடக்க ஆரம்பித்தபோது அதே பாடத்தை எடுத்தேன். ஒரு பிள்ளையும் சிரிக்கவில்லை. கடைசி பெஞ்சில் இருந்த ஒரு பையன் மட்டும், “அந்த ராஜாவுக்குப் புள்ள கெடச்சுதா டீச்சர்?” என்று கேட்டான்.

(அரங்கில் அமைதி)

அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. இத்தனை வருஷமும் நான் அந்தக் கதையில் கடலைப் பற்றிப் பேசினேன், திருவிழாவைப் பற்றிப் பேசினேன். பிள்ளையைத் தேடின அப்பனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

கிரேக்கத்தில் ஹெலிகே என்று ஒரு நகரம். கி.மு. 373இல் குளிர்காலத்து ராத்திரி பூமி ஆடியது, அலை வந்தது, ஊர் மூழ்கியது. வழிபாட்டுக்கு வந்தவர்களைக் கோயிலில் அவமதித்ததால் பொசைடன் கோபித்தான் என்றுதான் அங்கேயும் கதை. நூறு நூறு வருஷமாக அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2ஆம் நூற்றாண்டில் பாசேனியாஸ் என்று ஒரு யாத்ரீகர், ஊர் ஊராகப் போய் உள்ளூர் ஜனங்களிடம் கதை கேட்டுக் கேட்டுப் பத்துப் புத்தகம் எழுதினார். அவரும் இதை எழுதி வைத்தார். பின்னால் வந்தவர்கள் கடலுக்கு அடியில் தேடித் தேடிப் பார்த்தார்கள். கிடைக்கவில்லை. பழைய நூலில் வந்த ஒரு சொல்லைக் கடல் என்று எல்லோரும் படித்துக்கொண்டிருந்தார்கள். அது கடல் இல்லை, காயலாக இருக்கலாம் என்று ஒரு பெண் ஆராய்ச்சியாளர் யோசித்தார். டோரா கட்சோனோபூலூ என்று பெயர். 2001இல் கரைக்கு உள்ளே, வயலுக்கும் தோப்புக்கும் அடியில், வண்டல் மூடிய ஊரின் இடிபாடுகளைக் கண்டுபிடித்தார்கள். கதை சரியாகத்தான் சொன்னது. கேட்டவர்கள்தான் தப்பாகக் கேட்டார்கள்.

நம்ம பூம்புகார்க் கடலுக்குள்ளும் கோவாவில் இருக்கிற தேசியக் கடலியல் நிறுவனத்தார் மூழ்கிப் பார்த்தார்கள். 1990களின் தொடக்கத்தில், கரையிலிருந்து சுமார் 5 கிலோமீட்டரில், 23 மீட்டர் ஆழத்தில், லாட வடிவத்தில் ஏதோ ஒன்றைக் கண்டார்கள். அதைக் கேள்விப்பட்டு வெளிநாட்டு எழுத்தாளர் ஒருவர் வந்து, “பதினோராயிரம் வருஷத்து நகரம்” என்று எழுதிவிட்டார். ஆராய்ச்சியாளர்கள் அதை ஏற்கவில்லை. நானும் ஏற்கவில்லை. கீழையூரில் கையால் தொட்டுப் பார்க்கிற செங்கல் இருக்கிறது, அதைப் பார்க்க ஆள் இல்லை. பதினோராயிரம் என்றதும் கூட்டம் கூடுகிறது.

பேத்தியோடு நான் கீழையூர் போனேன். வழி கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியவில்லை. “படகுத்துறையா? மீன் வாங்கவா?” என்கிறார்கள். (சிரிப்பு) போய்ச் சேர்ந்தோம். சின்ன இடம்தான். பேத்தி பார்த்தாள். “இவ்வளவுதானா பாட்டி?” என்றாள். டெல்ஃபியில் நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். அதனால் உட்காரவைத்துக் கதை சொன்னேன். இங்கே ஒரு யவனன் வந்து படகை விட்டு இறங்கியிருப்பான். மொழி தெரியாது, சோறு பிடிக்காது. ராத்திரி தனியாக உட்கார்ந்து அவன் ஊர் ஆலிவ் மரத்தை நினைத்திருப்பான் என்றேன். அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். “அவனுக்கு நம்ம பசு கதையை யாராவது சொல்லியிருப்பாங்களா பாட்டி? சொல்லியிருந்தா, அட எங்க ஊர்லயும் இப்படி ஒரு பசு இருக்குதேன்னு சொல்லியிருப்பான்ல?” என்றாள். நான் சொல்லாமலே அவளாகப் போட்ட முடிச்சு இது. எந்தக் கல்லில் இதை எழுதி வைத்திருந்தது அண்ணே?

நடுவர் மணி அடித்துவிட்டார். ஒரே நிமிஷம் ஐயா. வருகிற ஞாயிற்றுக்கிழமை எங்க தெருப் பிள்ளைகள் பன்னிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு மறுபடியும் கிளம்புகிறோம். காலையில் தேரழுந்தூர், சாயங்காலம் பூம்புகார். வேனில் ஒரு இடம் காலியாக இருக்கிறது. எதிரணித் தலைவர் அண்ணனுக்காகவே வைத்திருக்கிறேன். அளவு நாடாவும் பூதக்கண்ணாடியும் அவரே கொண்டு வரட்டும். புளியோதரை நாங்க கட்டிக்கிட்டு வர்றோம்.

(பலத்த கைதட்டல்)